வியன்னாவில் ஃப்ராய்டின் காலி அறைகள்

வியன்னா போகிறேன் என்றதும் இரண்டு மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ஃப்ராய்ட் வீட்டுக்கு மட்டும் போகாதே, உள்ளே ஒன்றுமே கிடையாது, காசுதான் தண்டம்." நோயாளிகளைப் பேசவிட்டே மனதின் உபாதைகளுக்கு வைத்தியம் பார்க்கும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய டாக்டர் ஃப்ராய்டின் வீடுதான் அது, இப்போது அருங்காட்சியகம். பார்த்துவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், கண்டிப்பாகப் போங்கள்.

அதற்கு முன்னால் டாக்சி வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். விமானம் தாமதமாகி நடு ராத்திரியில் இறங்கினோம். ஓட்டுநர் ஏறும்போது பேசியது ஒரு தொகை. இறங்கும்போது பெட்டிக்குத் தனி, ராத்திரிக்குத் தனி என்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டார். யூரோவை ரூபாயாக்கிப் பார்த்துத் தூக்கமே வரவில்லை. பகலில் இறங்குகிறவர்கள் எஸ்7 என்ற சாதாரண ரயிலைப் பிடியுங்கள். விரைவு ரயிலுக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. தண்ணீரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆல்ப்ஸ் ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது, அவ்வளவு ருசி.

சரி, ஃப்ராய்ட். நேராக அவர் வீட்டுக்குப் போகாமல், பழைய பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் நாரன்டுர்முக்கு முதலில் போனோம். மனநோயாளிகளுக்காகவே பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் கட்டிய வட்டக் கோபுரம் அது. ஐந்து மாடி, மாடிக்கு 28 சிறு அறைகள், சன்னல்கள் வெறும் பிளவுகள். இன்று உள்ளே நோய் பிடித்த உடலுறுப்புகளை வைத்திருக்கும் நோய்க்கூறியல் காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள், பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். எல்லா நாளும் திறப்பதில்லை, பார்த்துக்கொண்டு போங்கள். அந்தக் காலத்துக்கு இதுவே முன்னேற்றம்தான். ஆனாலும் அந்த வளைந்த நடையில் நிற்கும்போது, இங்கே அடைத்து வைத்தார்கள், யாரும் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை என்பதுதான் மனதில் ஓடியது. பின்னாளில் இதே மருத்துவமனையில்தான் 1882 முதல் இளம் டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட் வேலை பார்த்தார்.

அங்கிருந்து பெர்க்காஸே 19ஆம் எண் வீடு நடக்கிற தூரம்தான். 1891 முதல் 1938 வரை, 47 வருடம் அவர் வாழ்ந்த வீடு. நுழைவுச் சீட்டு விலையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினேன், மதியச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வாங்கிவிட்டேன்.

காத்திருப்பு அறையில் மட்டும் அந்தக் காலத்து நாற்காலிகள் இருக்கின்றன. 1902இல் ஆல்ஃபிரட் ஆட்லர் உட்பட நாலைந்து மருத்துவர்களோடு ஃப்ராய்ட் தொடங்கிய புதன்கிழமைக் கூட்டம் இந்த வீட்டில்தான் நடந்தது. உளப்பகுப்பாய்வு என்ற இயக்கத்தின் தொடக்கமே அதுதான். அதைத் தாண்டினால் மருத்துவம் பார்த்த அறை. காலி. நோயாளிகள் படுத்துக்கொண்டு பேசிய, புகழ்பெற்ற அந்தச் சாய்வுக் கட்டில் இல்லை. "ஒன்றுமே இல்லை" என்று சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. 1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். மகள் அன்னாவை கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப்போனது. ஜூன் மாதம் 82 வயதில், வாயில் புற்றுநோயோடு, ஃப்ராய்ட் லண்டனுக்குக் கிளம்பினார். கட்டிலும் புத்தகங்களும் சிலைகளும் அங்கே போயின. வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய நான்கு சகோதரிகளும் பிறகு நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலி அறையில் நின்று பாருங்கள். வேறொரு கட்டிலைச் செய்து வைத்து ஏமாற்றாமல் அப்படியே விட்டதற்கு அருங்காட்சியகக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஃப்ராய்டுக்கு எல்லாம் தானாக உதிக்கவில்லை. 1885இல் பாரிஸ் போய் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவரிடம், உடலில் காரணம் தெரியாமல் வலிப்பு, வாதம் போன்றவை வரும் ஹிஸ்டீரியாவைப் பற்றிப் படித்தார். அதற்கும் முன்பே, யோசஃப் பிராயர் என்ற மூத்த மருத்துவரிடம் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண் மனதில் இருந்ததைப் பேசப் பேச, சில உபாதைகள் தணிந்தன. அதற்குப் 'பேச்சு மருத்துவம்' என்று பெயர் வைத்ததே அந்தப் பெண்தான். 1895இல் பிராயரும் ஃப்ராய்டும் எழுதிய ஹிஸ்டீரியா நூலில் 'அன்னா ஓ' என்று வருபவர் இவரே. நூலில் தெரிகிற அளவுக்கு அவர் உடனே குணமாகிவிடவில்லை, பிறகும் சிகிச்சையில் இருந்தார். ஆனால் பின்னாளில் பெண்களுக்காகப் போராடிய பெரிய சமூக சேவகியாக நின்றார். எனக்கு இந்தக் கதையின் நாயகி அவர்தான்.

சிகிச்சைக்கு வந்தவர்களில் டோரா என்று அவர் பெயரிட்டு எழுதிய பெண் விஷயத்தில் ஃப்ராய்ட் மேல் எனக்குக் கோபம் உண்டு. அப்பாவின் நண்பர் தன்னிடம் தவறாக நடந்தார் என்று சொன்ன 18 வயதுப் பெண் அவள். நடந்ததை நம்பிய ஃப்ராய்ட், அவளுக்கு உள்ளூர ஆசை இருந்தது என்று விளக்கம் கொடுத்தார். 1900 கடைசி நாளில் அவள் எழுந்து போய்விட்டாள். சரியாகத்தான் செய்தாள். பெண்களைப் பற்றி அவர் எழுதியதைக் கேரன் ஹார்னி போன்றவர்கள் உளப்பகுப்பாய்வுக்குள் இருந்துகொண்டே உடைத்தார்கள். இது அறிவியலே இல்லை, பொய் என்று நிரூபிக்க வழியே விடாத கோட்பாடு என்று இதே ஊர்க்காரரான தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னார்.

அப்படியானால் மிச்சம் என்ன? நிறைய. இன்று மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் அறிதிறன் சிகிச்சையை (தவறான எண்ணப் போக்கைத் திருத்தும் முறை) உருவாக்கிய ஆரன் பெக், உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். அந்தக் கோட்பாட்டைச் சோதிக்கப் போய்த்தான் தன் வழியைக் கண்டுபிடித்தார். குழந்தைக்குத் தாயோடு உண்டாகும் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்தான். சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் இந்த வீட்டுக் கதவு வழியாகத்தான் வெளியே போயிருக்கிறார்கள். மனநல ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசிய யாருக்கும் இந்தக் காலி அறையோடு சம்பந்தம் உண்டு.

அப்புறம் பெல்வியூ. ஷாட்டன்டோரில் 38ஆம் எண் டிராம் ஏறி கிரின்ட்ஸிங்கில் இறங்கி, மூச்சு வாங்க மேடேறினால் ஒரு புல்வெளி, கீழே வியன்னா முழுதும். இங்கிருந்த ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1895 ஜூலை 24 அன்று, தான் கண்ட கனவு ஒன்றை ஃப்ராய்ட் முதன்முதலாக முழுசாகப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த கனவு நூல் 1900 என்ற ஆண்டோடு வெளிவந்தது. அச்சடித்த 600 பிரதிகள் விற்கவே எட்டு வருடம் ஆனது! "கனவின் ரகசியம் இங்கே புலப்பட்டது என்று ஒருநாள் கல்வெட்டு வைப்பார்களா?" என்று நண்பர் ஃபிளீஸுக்கு ஏக்கமாக எழுதியிருந்தார். வீடு இப்போது இல்லை. கல்வெட்டு இருக்கிறது, 1977இல் அதே வாசகத்தோடு வைத்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கி வரும்போது கொலைப்பசி. ஹாய்ரிகர் என்ற வைன் தோட்டக் கடையில் கறுப்பு ரொட்டியும் லிப்டாவரும் வாங்கினோம். தயிர்ப் பாலாடையில் மிளகாய்ப் பொடி, வெங்காயம், சீரகம் மாதிரி ஒரு விதை எல்லாம் அரைத்த இளஞ்சிவப்புத் துவையல். சைவக்காரர்களுக்குக் கும்பிடத் தகுந்த சாப்பாடு, பயணம் முழுவதிலும் இதைவிட ருசியாக எதுவும் சாப்பிடவில்லை. ஊருக்குள் ஒரு காபிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

கட்டிலைப் பார்க்க லண்டன் ஹாம்ஸ்டெட்டுக்குத்தான் போக வேண்டும். 1931இல் கல்கத்தாவில் இருந்த இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு அனுப்பிய, யானைத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையும் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரியாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசா அங்கே செல்லாது, இங்கிலாந்து விசாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கு இப்போதிருந்தே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.