கிருமி முன்பே குடலில்தான் இருக்கிறது

கறிக்கோழிக் கொட்டகையில் மூன்றாவது வாரத்தில் இறப்பு திடீரென்று கூடினால், எந்தக் கிருமி வந்தது என்றே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கும்போது சிறுகுடல் காற்றடைத்து உப்பி, அதன் உட்புறம் தேங்காய்ப்பூத் துண்டைப் போலச் சொரசொரப்பாக, மஞ்சளும் பழுப்பும் கலந்த படலத்தால் மூடியிருந்தால், அது குடல் அழுகல் நோய் என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். ஆனால் அதற்குக் காரணமான கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் நலமான கோழியின் குடலிலும் குறைந்த அளவில் வாழ்கிற பாக்டீரியாதான். 2008இல் கண்டறியப்பட்ட நெட்பி என்னும் நச்சைச் சுரக்கும் வகைகள்கூட, குடலின் நிலை கெடாதவரை பெரும்பாலும் அடங்கியே இருக்கின்றன.

அந்த நிலையைக் கெடுப்பவற்றில் முதலிடத்தை நான் ரத்தக்கழிச்சலுக்கே தருவேன். அந்நோயைத் தரும் ஐமீரியா ஒட்டுண்ணிகள், குறிப்பாகச் சிறுகுடலின் நடுப்பகுதியைத் தாக்கும் ஐமீரியா மாக்சிமா, குடற்சுவரின் செல்களைச் சிதைக்கும்போது ரத்தத்தின் புரதம் குடலுக்குள் கசிகிறது. சளியும் மிகுதியாகச் சுரக்கிறது. தனக்குத் தேவையான அமினோ அமிலங்கள் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கிளாஸ்டிரிடியத்துக்கு இதைவிட நல்ல விருந்து வேண்டியதில்லை. எச்சம் மட்டும் சற்று இளகி, எடை மட்டும் சற்றுக் குறையும் அளவுக்கு ரத்தக்கழிச்சல் மறைவாக இருந்தாலும் போதும்.

தீவனமும் இதே வேலையைச் செய்கிறது. செரிக்காத புரதம் குடலின் கீழ்ப்பகுதிவரை இறங்கினால் பாக்டீரியாவுக்கு அதுவும் உணவே. மீன்தூள் மிகுந்த தீவனம் ஐயத்துக்குரியதாவது இதனால்தான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள கரையும் நார்ப்பொருள்கள் குடலில் உள்ளதைக் கூழாக்கி, அது நகர்வதைத் தாமதப்படுத்துகின்றன. தீவனத்தைத் திடீரென மாற்றுவதும், பூஞ்சை நச்சும், நோயெதிர்ப்பைக் குலைக்கும் கம்போரோ நோயும் இதே பட்டியலில் சேரும்.

நெரிசலும் வெப்பமும் தனித்தனியே கெடுதல்தான் என்றாலும், அவை கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் கூளத்தை ஈரமாக்குவதையே நான் பெரிதாக எண்ணுகிறேன், ஏனெனில் எச்சத்தில் வெளியேறும் ஐமீரியா முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாள்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடுகின்றன. ஆகவே மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன், கோழிகள் நீர் குடிக்கும் நிப்பிள் குழாய்களுக்கு அடியில் உள்ள கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பார்க்கிறேன். கையை விரித்ததும் அது உதிராமல் உருண்டையாகவே நின்றால், அன்றைய முதல் வேலை கசியும் நிப்பிளைத் தேடுவதுதான்.