ஆர்.கே. நகர்: தொப்பி முதல் குக்கர் வரை

வடசென்னையைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஆர்.கே. நகர் சட்டமன்றத் தொகுதியின் 2017 இடைத்தேர்தலில்தான் போய் நிற்கும். அதற்கு முந்தைய கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நெருக்கமான தெருக்கள், மீனவர்கள், சுமைதூக்குவோர், தினக்கூலிகள் வாழும் பகுதி. தொகுதி உருவானது 1977இல்.

2001, 2006 இரண்டிலும் அதிமுக சார்பில் சேகர்பாபு ஜெயித்தார். 2011இல் அவரே திமுகவுக்கு மாறி வந்து நின்றபோது தொகுதி அவரோடு வரவில்லை, அதிமுகவின் வெற்றிவேல் ஜெயித்தார். ஆளைவிடச் சின்னம்தான் இங்கே பேசுகிறது என்று நினைத்தேன். 2015 இடைத்தேர்தலிலும் 2016லும் ஜெயலலிதா வென்றது அந்த எண்ணத்துக்குத் தோதாக இருந்தது.

அப்புறம், ஜெயலலிதா மறைந்ததால் வந்தது 2017 இடைத்தேர்தல். அதிமுக இரண்டாகப் பிரிந்து அதன் இரட்டை இலை சின்னம் முடக்கப்பட்டதால் தினகரன் நின்ற சசிகலா அணிக்குத் தொப்பி, மதுசூதனன் நின்ற பன்னீர்செல்வம் அணிக்கு இரட்டை மின்கம்பம். பணப் பட்டுவாடா புகாரில் ஏப்ரல் வாக்குப்பதிவையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது இலை அதிமுக வேட்பாளர் மதுசூதனனுக்குத் திரும்பியது, தினகரனுக்கு சுயேச்சையாகக் கிடைத்தது பிரஷர் குக்கர். குக்கர் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது! திமுகவுக்கு டெபாசிட்டே போனது, அதாவது பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை.

எல்லாம் காசு என்று ஒரே வரியில் முடிப்பவர்களுடன் எனக்கு ஒத்துப்போகாது. காசு புழங்கியது, சரி. 2021இல் அதே தொகுதி திமுகவின் எபினேசரைத் தேர்ந்தெடுத்ததே, அதற்கும் அதே ஒரு வரிதானா?