பழைய சர்வர்களைப் புது விஎம்களுக்கு மாற்றியபோது பட்டதும் தெரிந்துகொண்டதும்

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பதிவு, கோப்புப் பகிர்வு எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு, பேக்கேஜ்களை நிறுவும் யம் கட்டளை கொடுத்தால், பேக்கேஜ் கிடைக்கும் சர்வர்களின் பட்டியலான மிரர்லிஸ்ட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்து நின்றுவிட்டது. இதைப் பார்த்ததும் பலர் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கோளாறு என்று நெட்வொர்க்கை நோண்ட ஆரம்பிக்கிறார்கள். டிஎன்எஸ்ஸில் ஒன்றுமில்லை, அந்த முகவரியையே எடுத்துவிட்டார்கள். பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரியை முடக்கிவிட்டு பேஸ்யூஆர்எல்லை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வால்ட் முகவரிக்குத் திருப்பினால் பழைய பேக்கேஜ்கள் கிடைக்கும். வேறு இடத்துக்கு மாறும்வரை தாக்குப்பிடிக்க மட்டும்தான் அது உதவும். புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கே வராது.

மாறுவது என்று முடிவானது. லினக்ஸ் வேலைகளுக்கு 2032 வரை ஆதரவுள்ள அல்மாலினக்ஸ் 9, கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ் சர்வர் 2022, சின்னச் சின்ன சேவைகளுக்கு உபுண்டு 22.04. அடியில் ஏற்கெனவே இருந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 7; ஒரே மெஷினுக்குள் பல விஎம்களை, அதாவது மென்பொருளால் ஆன மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் தளம் அது. ஐஎஸ்ஓ இறக்கியது, செக்சம் சரிபார்த்தது, விஎம் உருவாக்கியது எல்லாம் சட்டென்று முடிந்தன.

அல்மாவை பூட் செய்ததும் கெர்னல் பேனிக், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியே நின்றுபோனது. இன்ஸ்டாலர் திரையே வரவில்லை. முதலில் ஓடும் புரோகிராமான இனிட் செத்துவிட்டது என்ற வரியும், அதன் கீழே புரியாத எண்களும்தான் திரையில் நின்றன. எங்கள் சர்வருக்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருக்கும் நிறுவனத்தை அழைத்தேன். வந்த பையன் திரையை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "மேடம், இது பழைய மெஷின். 9-லாம் இதுல ஓடாது. புது சர்வர்தான் வாங்கணும்" என்றான். மறுநாள் காலை கொட்டேஷன் மேலாளரின் மெயிலுக்கு நேராகப் போயிருந்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படிக்காமலேயே லட்சக்கணக்கில் செலவு சொன்னார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பேனிக் வரிகளில் முக்கியமானது மேலே ஓடிப்போய்விடும். விஎம்முக்கு ஒரு சீரியல் போர்ட் சேர்த்து, பூட் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் கன்சோலை அந்த சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால், வருவதையெல்லாம் டெர்மினலில் பொறுமையாகப் படிக்கலாம். அப்படிப் படித்தபோது பேனிக்குக்குச் சற்று முன்னால் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் புகார் இருந்தது: இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 (சிபியுவில் இருக்க வேண்டிய வசதிகளின் ஒரு தொகுப்பு) தரத்துக்கு வராது என்று.

எங்களுடையது ஜியான் இ5 வி4. 2016-இல் வந்த வரிசை. வி2 கேட்கும் எஸ்எஸ்இ 4.2 போன்ற வசதிகள் 2008-இல் வந்த நெஹாலம் காலத்திலிருந்தே இன்டெல் சர்வர் சிப்களில் உண்டு. அப்புறம் எப்படி வராது? விஎம் அமைப்பைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் 7 புதிய விஎம்முக்கு இயல்பாகக் கொடுப்பது கேவிஎம்64 என்ற சிபியு வகை. எந்த மெஷினிலும் ஓட வேண்டும் என்பதற்காக வசதிகளைக் குறைத்துக் காட்டும் வகை அது. அசல் சிப்பில் எல்லாம் இருந்தும் உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸின் கண்ணில் எதுவும் படவில்லை. ரெட் ஹேட் 9 வழியில் வந்த எல்லாமே வி2-வைக் குறைந்தபட்சமாகக் கேட்கும். அல்மா, ராக்கி இரண்டுக்கும் இதே கதைதான். சிபியு வகையை, அசல் சிப்பை அப்படியே காட்டும் ஹோஸ்ட் என்று மாற்றி மறுபடி பூட் செய்தேன். இன்ஸ்டாலர் வந்துவிட்டது. கொட்டேஷனை மேலாளர் அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை: வேறு வேறு தலைமுறை சிப் உள்ள சர்வர்களை கிளஸ்டராக வைத்து ஓடும் விஎம்மை இடம் மாற்றுபவர்கள் ஹோஸ்ட் போடாதீர்கள், நடுவில் விஎம் விழுந்துவிடலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-இல் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே புதிய விஎம்முக்கு இயல்பாக வருவதும் அதுதான், பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்தது விண்டோஸ். டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரை காலியாக இருந்தது. இதற்கு அந்தப் பையன் போனில் சொன்ன வழி, "ஐடிஇ போட்டுடுங்க மேடம், வந்துடும்." ஐடிஇ என்பது பழைய வகை டிஸ்க் இணைப்பு, அதில் வரும்தான். ஆனால் டிஸ்க் வேகம் படுத்துவிடும். கணக்குப் பிரிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது அது தெரியும். சரியான வழி, விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லாத விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே உள்ள டிஸ்க், நெட்வொர்க் முறை) டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி, அதே திரையில் டிரைவரை ஏற்றுவது. விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலருக்கு விஐஓஸ்கஸி ஃபோல்டர், அதற்குள் 2கே22. நெட்வொர்க்குக்கு நெட்கேவிஎம். டிரைவர் ஏற்றியதும் டிஸ்க் தெரிந்தது.

ஏற்கெனவே ஐடிஇயில் நிறுவிவிட்டவர்கள் திடீரென்று பூட் டிஸ்க்கை ஸ்கஸிக்கு மாற்றினால் நீலத்திரைதான் வரும். முதலில் 1 ஜிபிக்கு ஒரு சும்மா டிஸ்க்கை ஸ்கஸியில் மாட்டி, விண்டோஸுக்குள் டிரைவரை நிறுவுங்கள். அது தெரிந்த பிறகு விஎம்மை அணைத்து பூட் டிஸ்க்கை மாற்றுங்கள். மாற்றியதும் ஆப்ஷன்ஸில் பூட் வரிசையை மறக்காமல் டிக் செய்யுங்கள். கழற்றி மாட்டிய டிஸ்க் அந்த வரிசையில் தானாக வந்து சேராது.

உபுண்டுவில் நிறுவல் ஒரு தொல்லையும் தரவில்லை. குளோன் செய்த பிறகுதான் தலைவலி. ஒரு விஎம்முக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலம் போனால் இன்னொன்றுக்குள் போய் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே ஐபி. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரிகளோ வேறு வேறு. ஐபியை வழங்கும் டிஎச்சிபி சர்வரைச் சந்தேகித்து நேரம் போனது. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஎச்சிபியிடம் தன்னை மேக் முகவரியால் அடையாளம் காட்டுவதில்லை. மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் கொடுக்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் அச்சு அசலாக வந்துவிடுவதால் டிஎச்சிபி சர்வருக்கு இரண்டும் ஒரே ஆள்.

விஎம்மைக் குளோனுக்கான டெம்ப்ளேட் ஆக்குவதற்கு முன்பே இடிசி அடைவில் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்தால் போதும். அடுத்த பூட்டில் புதிதாக ஒன்று உருவாகிவிடும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளும் இதே மாதிரி எல்லா குளோனிலும் ஒன்றாக இருக்கும். அவற்றை நீக்கி, ஒவ்வொரு குளோனிலும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை மறுபடி கான்ஃபிகர் செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு விஎம்மின் சாவி கசிந்தால் மற்றவையும் போச்சு.

உபுண்டுவில் இன்னொன்று. 100 ஜிபி டிஸ்க் கொடுத்து, எல்விஎம்மோடு (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்துத் தரும் முறை) இன்ஸ்டாலர் சொன்னபடியே போனால் ரூட்டுக்குப் பாதிதான் கிடைக்கும். மீதி வால்யூம் குரூப்பில் சும்மா கிடக்கும். டிஸ்க் நிறைந்து சேவை நின்ற பிறகு தேடாமல் முதல் நாளே விஜிஎஸ் கட்டளையில் பார்த்து, எல்வியை நீட்டி, ஃபைல் சிஸ்டத்தையும் பெரிதாக்கிவிடுங்கள்.

இப்போது எல்லாம் புதிய விஎம்களில் ஓடுகின்றன. பழைய சென்ட்ஓஎஸ் விஎம்மை அழிக்கவில்லை. நெட்வொர்க் கார்டைத் துண்டித்து, அணைத்து வைத்திருக்கிறேன். மார்ச் கணக்கு முடிந்து தணிக்கையும் முடிந்த பிறகு ஒரு முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு இடத்தில் ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டு நீக்குவதாக இருக்கிறேன்.