தப்பை சொல்ற அரசு ஊழியரை காப்பாத்த சட்டம் இருக்கு, அமல்ல தான் இல்ல

ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல தப்பு நடந்தா அது முதல்ல தெரியுறது அங்க வேலை பாக்குறவங்களுக்கு தான், டெண்டர் யாருக்குனு முன்னாடியே முடிவாகி ஃபைல் டேபிளுக்கு வரும்போது நோட் போடுறவருக்கு புரியாம இருக்குமா. புரிஞ்சும் ஏன் வாயை திறக்க மாட்டேங்குறாங்கனு கேக்குறவங்க தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துல இன்ஜினியரா இருந்த சத்யேந்திர துபேவை நினைச்சு பாக்கணும். தங்க நாற்கர ரோடு வேலையில நடந்த முறைகேட்டை 2002ல பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினாரு, என் பேரை ரகசியமா வைங்கனு கேட்டும் இருந்தாரு, ஆனா லெட்டர் பேரோடவே ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு. 2003 நவம்பர்ல கயாவுல சுட்டு கொன்னுட்டாங்க. வழிப்பறிக்காக நடந்த கொலைனு சிபிஐ சொல்லுச்சு, அது எப்படி இருந்தாலும் அவர் பேரை வெளிய விட்டது மன்னிக்கவே முடியாத விஷயம்.

அதுக்கப்புறம் தான் 2004ல மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, இந்த மாதிரி புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வாங்கும், பேரை ரகசியமா வைக்கும்னு சொன்னாங்க. முழு சட்டம் 2014ல வந்துச்சு. நல்ல சட்டம்ங்க, பேரை வெளிய விட்டா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், புகார் சொன்னவரை பழிவாங்கலனு நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தோட பொறுப்பு. ஆனா அமலுக்கு வர்ற தேதியை அறிவிக்கவே இல்ல, இத்தனை வருஷமா பேப்பர்லயே கிடக்கு, எனக்கு வயிறு எரியுது.

அரசு ஊழியரை காப்பாத்த அரசியல் சட்டம் 311வது பிரிவு இருக்கேம்பாங்க. விசாரிக்காம டிஸ்மிஸ் பண்ண முடியாது, சரி. ஆனா டிஸ்மிஸ் யாருங்க பண்றா, டிரான்ஸ்பர் போடுவாங்க, சஸ்பெண்ட் பண்ணுவாங்க, நம்ம மாநிலத்துல 17பி மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு நோட்டீஸ், ஒண்ணு கொடுத்துட்டா போதும், ப்ரமோஷன் நின்னு போயிடும், இதுக்கெல்லாம் 311 வராது.

மத்திய அரசு, பொதுத்துறை வங்கி, நிறுவனங்கள்ல இருக்கறவங்க அந்த 2004 தீர்மானத்தோட வழியில போகலாம். புகாரை கவர்ல போட்டு ஒட்டி, மேல பிஐடிபிஐ (PIDPI, அந்த தீர்மானத்தோட சுருக்கப் பேர்)னு எழுதி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணைய செயலாளருக்கு அனுப்பணும். கவர் மேல உங்க பேர் வேண்டாம், போஸ்ட் ஆபீஸ்லயும் அனுப்புறவர் பேரை கேட்டு வற்புறுத்தக்கூடாதுனு உத்தரவு இருக்கு. உள்ள பேர், அட்ரஸ் கண்டிப்பா இருக்கணும், மொட்டை கடிதாசியை இதுல எடுக்க மாட்டாங்க, ஆனா பேர், அட்ரஸை தனி பேப்பர்ல எழுதுங்க. முக்கியமா புகாருக்குள்ள "இந்த ஃபைல்ல நான் அன்னைக்கே ஆட்சேபம் எழுதினேன்"னு ஒரு வரி வந்துட்டா போச்சு, பேரே இல்லாட்டியும் யாருனு கண்டுபிடிச்சிடுவாங்க.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்த வழியும் கிடையாது, ஆணையத்தோட வரம்புலயே அவங்க வரல. 2014 சட்டம் அவங்களையும் சேத்து தான் எழுதினது, தேதியை அறிவிச்சா தான் உண்டு.