சீனிக் குளிசையும் அடங்காத அரிப்பும்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு யோனியில் பங்கசுத் தொற்று அவ்வளவாக வருவதில்லை என்பார்கள். எனக்கு வந்தது. மருந்து வைத்ததும் போனது, போன கையோடு திரும்பியும் வந்தது. கொழும்பில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், பெண்நோய்க்கு ஒருவர் என்று நாம் அலையும்போது, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. என் அரிப்புக்கான காரணமும் அங்கேதான் ஒளிந்திருந்தது.

தொடக்கத்தில் வெறும் அரிப்புதான். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வியர்த்து வழிய வந்து இறங்கினால் கூடும், இரவில் இன்னும் கூடும். பிறகு சலம் கழிக்கும்போது எரிவு. அந்த எரிவு உள்ளே இல்லை, சலம் பட்டுப்போகும் வெளித்தோலில். உள்ளாடையில் தயிர் உடைந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள், ஆனால் கெட்ட வாடை எதுவும் இல்லை. தோல் சிவந்து, மடிப்புகளில் நகம் கீறியதுபோல் மெல்லிய வெடிப்புகளும் இருந்தன.

மச்சாளிடம் சொன்னேன். உடம்புச் சூடு என்றார். செவ்விளநீர் குடிக்கவும் வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவவும் சொன்னார். செவ்விளநீரைக் குடித்தேன், அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? கழுவுவதை மட்டும் தவிர்த்தேன். வெடித்த தோலில் எதைப் போட்டாலும் எரிகிறது. காலி வீதியில் ஒரு பார்மசிக்குப் போனால், கவுண்டரில் நின்ற பெண் “எந்த இடத்துக்கு அன்ரி கிறீம்?” என்று பக்கத்தில் நின்ற ஆண்களுக்கும் கேட்கக் கேட்டாள். பல்வலிக்கு இரண்டு பனடோல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குப் பல்வலியே இல்லை.

பெண்நோய் வைத்தியரைச் சனல் செய்து பார்த்தேன். தமிழ் கதைக்கும் பெண் வைத்தியர் என்பதால் பாதிக் கூச்சம் வாசலிலேயே கழன்றது. எரிவு உள்ளேயா வெளியேயா, அடிக்கடி சலம் போகிறதா என்று கேட்டார், சலத்தொற்றா என்று பார்க்கத்தான். கருவி வைத்துப் பார்த்தார், பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். அரிப்பு என்றாலே பங்கசு என்று முடிவுகட்டக் கூடாதாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அது பெரும்பாலும் பக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததால் வருவது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துப் போனால் உடலுறவால் தொற்றும் திரைக்கோமோனாசு என்ற கிருமியாக இருக்கலாம். என் வயதில் ஈஸ்ட்ரஜன் குறைந்து தோல் வறண்டாலும் அரிக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எனக்கு வந்த ரிப்போர்ட்டில் கண்டிடா அல்பிகன்ஸ் என்றிருந்தது, வழமையான பங்கசுதான். இது பாலியல் நோய் அல்ல, வீட்டுக்காரருக்கு மருந்து தேவையில்லை என்றும் சொன்னார். அதை அவரிடம் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

எழுதித் தந்தது, பங்கசு மருந்தான குளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, படுக்கப்போகும்போது உள்ளே வைப்பதற்கு. வெளியே பூச அதே மருந்தின் கிறீம். குளிசையோடு ஒரு பிளாஸ்டிக் குழல் வருகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குளிசை செருகிய குழலை நோகாத அளவுக்கு உள்ளே விட்டு, பின்புறத் தண்டைத் தள்ள வேண்டும். காலையில் பஞ்சுப் பட்டியில் வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. குளிசை கரைய ஈரம் வேண்டும், வறண்ட உடம்பில் முழுவதும் கரையாது என்பதை இரண்டாவது முறை போனபோதுதான் கேட்டறிந்தேன்.

ஏனென்றால் அது திரும்பி வந்தது. இம்முறை வைத்தியர் பரிசோதனைக்கு முன்பே, “என்னென்ன குளிசை போடுகிறீர்கள் அம்மா?” என்று கேட்டார். கைப்பையிலிருந்த அட்டைகளை மேசையில் பரப்பினேன். சீனிக்கு நான் போடும் மெட்போமின், கிளிகிளசைட் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அண்மையில் சேர்த்த எம்பாகிளிஃப்ளோசினை எடுத்து வைத்துக்கொண்டார். இது இரத்தத்திலுள்ள சீனியைச் சிறுநீரகம் வழியாகச் சலத்தோடு வெளியேற்றும் மருந்து. சீனி கலந்த சலம் படும் இடத்தில் பங்கசு செழிக்கும். டாபாகிளிஃப்ளோசினும் இதே வகைதானாம். பெண்களுக்கு இது பலரும் அறிந்த பக்கவிளைவு.

என் இரத்தச் சீனி அப்போது நன்றாக இருந்தது. அதனால் எவருக்கும் சீனிமேல் சந்தேகம் வரவில்லை. பழைய சல ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தால், சீனி என்ற இடத்தில் மூன்று கூட்டல் குறிகள்! இந்தக் குளிசை போடுபவருக்கு அப்படித்தான் காட்டும்.

பங்கசுக்கு வாயால் போடும் ஃபுளுக்கோனசோல் எனக்கு எழுதவில்லை. கிளிகிளசைட்டோடு சேர்ந்தால் சீனி ஒரேயடியாக இறங்கக்கூடுமாம். அதற்குப் பதிலாக குளோட்ரிமசோல் 100 மில்லிகிராம் குளிசையை அடுத்தடுத்து ஒரு வாரம் இரவில் வைத்தேன். எம்பாகிளிஃப்ளோசினை நானாக நிறுத்தவும் கூடாது என்றார், அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தருவது.

சீனி கிளினிக்கில் இதையெல்லாம் சொன்னபோது அங்கிருந்த வைத்தியர் ஆச்சரியப்படவே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் கோபத்தைத் தந்தது. எம்பாகிளிஃப்ளோசினைத் தொடங்கிய நாளிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குளிசை தொடரட்டும், மறுபடி மறுபடி வந்தால் மாற்றுவோம் என்றார். சலம் கழித்தபின் வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடைக்க வேண்டும், சவர்க்காரம் வேண்டாம், பருத்தி உள்ளாடை, வியர்த்தால் உடனே மாற்றுவது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கடைசியானதுதான் சிரமம், கைப்பையில் மாற்று உடுப்போடு திரிகிறேன். அந்தப் பகுதி வீங்கி, கடுமையாக நொந்து, காய்ச்சலும் வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அரிதாக இந்த மருந்தால் தோலுக்கடியில் ஆபத்தான தொற்று வருவதுண்டு.

எழும்பும்போது, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். பேனையை மூடியவர் திரும்பவும் திறந்தார். சாப்பிடாத நாட்களில் இந்தக் குளிசையைப் போட்டால், சீனி சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் சேர்ந்து ஆளை வீழ்த்திவிடவும் கூடுமாம். விரதத்துக்கு முன்பே வந்து கேட்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார். அதற்குக் கீழேயே பங்கசுத் தொற்று வந்ததையும் அதற்குப் போட்ட மருந்தையும் எழுதும்படி கேட்டு, எழுதி முடிக்கும்வரை கதிரையில் இருந்தேன்.