ரத்தம் வராத காயம்
பிரேக்கர் பிடித்துச் சாலை உடைப்பவர்கள் காயம் என்று சொல்வது உளி முறிந்து தெறிப்பதையோ, காலில் இறங்குவதையோதான். எனக்கு வந்தது வேறு. குளிரான காலைகளில் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். சூடு பட்டதும் சிவந்து குத்தும். சட்டைப் பொத்தான் போடவே கை தடுமாறியது.

முதலில் பார்த்த மருத்துவர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் போன நேரத்தில் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. காட்டச் சொன்னால் காட்டாத நோய் இது. அடுத்த முறை வெளுத்ததும் கைப்பேசியில் படம் எடுத்தேன். எந்தக் கணுவரை வெளுத்திருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதா என்றும் சோதித்துவிட்டு, கருவியின் அதிர்வால் வந்தது என்று எழுதிக்கொடுத்தார். ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918-லேயே அமெரிக்கக் கல் வெட்டும் தொழிலாளர்களிடம் இதை ஆராய்ந்திருக்கிறாராம். எங்கள் மேற்பார்வையாளர்தான் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்து தேவைப்பட்டது கணக்கு. "நாள் முழுக்கப் பிடிக்கிறேன்" என்ற பதில் எங்கும் எடுபடாது. விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டும்தான் கணக்கில் வரும். உடன் வேலை செய்தவர் கடிகாரம் பார்த்துக் குறித்துத் தந்தார். அதிர்வின் அளவு கருவியின் கையேட்டில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 8 மணி நேர வேலைக்குச் சராசரி அதிர்வு 5 மீ/வி²-ஐத் (அதிர்வின் வலிமையை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, 2.5-ஐ எட்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். அதிர்வு இரு மடங்கானால் பிடிக்கக்கூடிய நேரம் கால்வாசியாகிவிடும். 10 மீ/வி² அதிரும் பிரேக்கரை 2 மணி நேரம் பிடித்தாலே அன்றைய வரம்பு தீர்ந்தது. என் குறிப்பேட்டில் அதைத் தாண்டாத நாளே அபூர்வம்.

நிறுவனம் முதலில் தடித்த கையுறைதான் கொடுத்தது. அது கையைச் சூடாக வைக்கும், அவ்வளவே. பிரேக்கரின் அதிர்வை அது பெரிதாகக் குறைக்காது. மருத்துவரின் கடிதத்தோடு நேரக் குறிப்பையும் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகுதான் மட்டம் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். கூலி குறையவில்லை, அதற்கும் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது.

வெளுப்பு இப்போது குறைந்திருக்கிறது. புகைப்பதை விட்டதும் உதவியிருக்கலாம். விரல் நுனி மரத்திருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. என் இடத்துக்கு வந்தவருக்கும் நேரம் குறிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேற்பார்வையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.