எனக்கு எப்போதும் பார்ட் ஸ்டார்தான்

அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் என்றதும் பலரும் பிரெட் ஃபாவ்ர், ஆரோன் ராட்ஜர்ஸ் என்பார்கள். எனக்கு முதலில் பார்ட் ஸ்டார்தான். 1956 டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், 17-வது சுற்றில், 200-வது ஆளாக எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் (ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை வீசுபவர்)!

1967 டிசம்பர் 31, லாம்போ மைதானம். டல்லாஸ் கவ்பாய்ஸுடன் சாம்பியன்ஷிப் ஆட்டம். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிர். தரைக்கடியில் போட்டிருந்த சூடேற்றும் கம்பிகளும் கைகொடுக்கவில்லை, புல்தரை பாறையாக இறுகிவிட்டது. நடுவர்களின் விசில்கூட உறைந்துபோனது. பேக்கர்ஸ் 3 புள்ளி பின்னால். மிச்சம் 16 விநாடி, டைம் அவுட்டும் இல்லை. சக வீரர்களின் கால் வழுக்குவதைக் கவனித்த ஸ்டார், பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே, சக வீரர் ஜெர்ரி கிராமர் திறந்த இடைவெளியில் கோல்கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். பேக்கர்ஸுக்கு 21-17 வெற்றி!

பின்னால் ஓடிவந்த சக் மெர்சீன் இரு கையையும் தூக்கியது கொண்டாட அல்ல, ஸ்டாரைத் தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்டத்தான்.